பதில்: ஈஆர்பிநெக்ஸ்டில் (நிறுவனக் கணக்கு, விற்பனையைக் கவனிக்கும் மென்பொருள்) இருந்து இன்வாய்ஸ் மெயில் போகவில்லை

மெயில் அனுப்பும்போது 535 5.7.139, ‘எஸ்எம்டிபி கிளையன்ட் ஆதென்டிகேஷன் டிசேபிள்டு’ (வேறு மென்பொருள் உங்கள் கணக்கில் நுழைந்து மெயில் அனுப்பும் வழி அணைக்கப்பட்டுள்ளது) என்ற பிழை வருகிறது, அதே பாஸ்வேர்டில் அவுட்லுக் திறக்கிறது என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் கோளாறு பாஸ்வேர்டில் இல்லை. மைக்ரோசாப்ட் 365 தான் வாசலை மூடி வைத்திருக்கிறது. அதன் அட்மின் சென்டரில், மெயில் அனுப்பும் அந்தப் பயனரின் ‘மெயில்’ பகுதிக்குப் போய், ‘மேனேஜ் இமெயில் ஆப்ஸ்’ என்பதில் ‘ஆதென்டிகேட்டட் எஸ்எம்டிபி’யை டிக் செய்யுங்கள். கொஞ்ச நேரம் கழித்துச் சோதியுங்கள். ‘செக்யூரிட்டி டிஃபால்ட்ஸ்’ (மைக்ரோசாப்டின் அடிப்படைப் பாதுகாப்பு அமைப்பு) இயக்கத்தில் இருந்தால் இந்த டிக் பலன் தராது. அதற்காகப் பாதுகாப்பை அணைக்காதீர்கள், ஓஆத் முறைக்கு (பாஸ்வேர்டுக்குப் பதில் டோக்கன் மூலம் நுழைவது) மாறுவதுதான் நல்லது. ஈஆர்பிநெக்ஸ்டில் மெயில் அனுப்பும் அமைப்பில் போர்ட் 587, டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) என்று வையுங்கள்.

அப்புறம் ‘சென்ட் ஆஸ் டினைடு’ (அந்த முகவரியின் பெயரில் அனுப்ப அனுமதி இல்லை) என்று அடுத்த பிழை வரலாம். ஈஆர்பிநெக்ஸ்ட், மெயில் அனுப்பும் ஊழியரின் முகவரியை அனுப்புநராகப் போடுவதே காரணம். ஈஆர்பிநெக்ஸ்டின் இமெயில் அக்கவுன்ட் பக்கத்தில், எப்போதும் அந்தக் கணக்கின் முகவரியையே அனுப்புநராக வைக்கும் பெட்டியை டிக் செய்தால் தீரும்.