தப்பு பண்ணவனை என்ன பண்றது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: எங்க வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டைல கொலுசு பட்டறை வச்சிருக்கார். அக்கா பையன் ஆர்மில மேஜர். லீவுல வந்தப்ப, "சித்தி, தியேட்டர் கமாண்ட் அது இதுன்னு எல்லாம் மாறப்போகுது, இந்த நேரத்துல எவனும் துணிஞ்சு எதுவும் பண்றதில்ல, ஏ.சி.ஆர்ல, அதான் வருஷா வருஷம் மேலதிகாரி எழுதுற ரிப்போர்ட்ல, ஒரு தப்பு ஏறிட்டா ப்ரமோஷன் போச்சு"ன்னு புலம்பிட்டுப் போனான். பட்டறைல வெள்ளியைக் கெடுத்தா நாங்க கூலில பிடிக்கிறோம், ராணுவத்துல தண்டனை இல்லாட்டி நாடு என்னாகும் சார்?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: தம்பி சொல்றது உண்மைதாம்மா. ஆர்மிக்குள்ளேயே இதுக்கு 'ஜீரோ எரர் சிண்ட்ரோம்'னு பேரு, ஒரு தப்புகூட வந்துடக் கூடாதுங்கிற பயம். மேல போகப்போக போஸ்ட் கம்மி, கர்னல் ஆக செலக்‌ஷன் போர்டு தாண்டணும், ஒரு ரிப்போர்ட் லேசா இறங்குனாலும் பக்கத்துல இருக்கிறவன் முந்திடுவான், அப்புறம் யார் ரிஸ்க் எடுப்பா?

கார்கிலையே பாருங்க. 1999 மே மாசம் தோலோலிங் மலையைப் பிடிக்க 18 கிரனேடியர்ஸ் பட்டாலியன் ஏறுச்சு, 15,000 அடிக்கு மேல, மறைய ஒரு புதர்கூட இல்லாத சரிவு, மேல சும்மா கொஞ்சம் பேர்தான் இருக்காங்கன்னு தப்பான தகவல், போதுமான பீரங்கி சப்போர்ட்டும் இல்ல. திரும்பத் திரும்ப ஏறி அடி வாங்குனாங்க, மே 30ல மேஜர் ராஜேஷ் அதிகாரி உயிரை விட்டார். அதுக்கப்புறம் பிளானையே மாத்துனாங்க, போஃபர்ஸ் பீரங்கியை நேரா மலையைப் பார்த்து வச்சு அடிச்சு, ஜூன் 13ல 2 ராஜ்புதானா ரைஃபிள்ஸ்ங்கிற வேற பட்டாலியன் தோலோலிங்கைப் பிடிச்சுது. இதுல எனக்கு ரொம்பப் பெருசாப் படுறது அடுத்து நடந்தது. மொதல்ல அடி வாங்குன அதே 18 கிரனேடியர்ஸ்கிட்டதான் டைகர் ஹில் மலையைப் பிடிக்கிற வேலையைக் குடுத்தாங்க! எதிரி நினைச்சே பார்க்காத செங்குத்துப் பாறைப் பக்கமா ராத்திரில கயிறு போட்டு ஏறி ஜூலை 4ல உச்சியைப் பிடிச்சாங்க. தோத்த பட்டாலியன்னு ஓரங்கட்டியிருந்தா அவங்க ரத்தம் சிந்திக் கத்துக்கிட்டது யாருக்கும் உதவியிருக்காது.

அதுக்காக எல்லாத்தையும் மன்னிக்கணும்னு சொல்லல. அலட்சியம், பொய் ரிப்போர்ட், நடந்ததை மறைக்கிறது, இதுக்கெல்லாம் தயவே காட்டக் கூடாது. யோசிச்சு எடுத்த முடிவு பலிக்காமப் போறது வேற. உங்க பட்டறைலயும் எதுக்கெடுத்தாலும் கூலில பிடிச்சா, பத்தவைப்பு சரியில்லாத கொலுசை ஆளுங்க மறைச்சுத்தான் குடுப்பாங்க, அது கஸ்டமர் கால்ல அறுந்தப்பதான் உங்களுக்கே தெரியும்.

மறைக்கிற பழக்கம் மேலேயும் இருக்கு. 1962 சீனப் போர் தோல்வியைப் பத்தின ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசாங்கம் இன்னும் வெளியிடல. கார்கிலுக்கு அப்புறம் நம்ம திருச்சில பொறந்த பாதுகாப்பு நிபுணர் கே.சுப்ரமணியம் தலைமையில கமிட்டி போட்டு, சில பகுதியை எடுத்துட்டாலும் 2000 பிப்ரவரியில அறிக்கையை பார்லிமென்ட்லயே வச்சாங்க. தொடர்ந்து 2001ல மந்திரிகள் குழு முப்படைக்கும் சேர்த்து சி.டி.எஸ்ங்கிற தலைமைத் தளபதி பதவி வேணும்னு சொல்லுச்சு, மொத ஆளு வந்தது 2020ல! அந்த மாற்றத்தோட தொடர்ச்சிதான் தம்பி சொல்ற தியேட்டர் கமாண்ட், தரைப்படை, கடற்படை, விமானப்படைன்னு தனித்தனியா இருக்கிற 17 கமாண்டை ஒண்ணு சேர்க்கிற வேலை. இதுல தப்பு வராம இருக்காது, அதை எக்சர்சைஸ்லயே, அதாவது போர் ஒத்திகைலயே, வெளிய சொல்ல விட்டாத்தான் சண்டைல உயிர் மிஞ்சும்.

அடுத்த தடவை தம்பி போன் பண்ணா, எக்சர்சைஸ் முடிஞ்சு எது சரி எது தப்புன்னு அலசுற டீப்ரீஃப்ல மொதல்ல பேசுறது பட்டாலியன் தலைவரான சி.ஓ.வா, ஜூனியரான்னு கேளுங்க. கம்பெனி கமாண்டரா இருந்தா நூறு பேருக்கு மேல அவனுக்குக் கீழ இருப்பாங்க, அங்க ஜூனியரை மொதல்ல பேச விடுறதுக்கு டெல்லில இருந்து ஆர்டர் வர வேண்டியதில்ல.