தவறு தெரிகிறது, காரணம் தெரியவில்லையா?

செஸ் ஆட்டம் முடிந்ததும் ஸ்டாக்ஃபிஷ் இன்ஜினில் (நகர்த்தல்களை அலசிச் சொல்லும் கணினி நிரல்) போட்டுப் பார்க்கிறேன், தவறு எங்கே என்று தெரிகிறது, ஆனால் அடுத்த ஆட்டத்திலும் அதே மாதிரி தோற்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் இருந்தேன்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஆட்டத்தை நீங்களே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்கே குழம்பினீர்கள், என்ன நினைத்து ஆடினீர்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். இதைத் தவிர்த்தால் மற்றதில் பலன் குறைவு.

அப்புறம் இன்ஜினைப் போடுங்கள். அது சொல்லும் நகர்த்தலைப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஆட நினைத்ததைப் பலகையில் ஆடி, அது என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். 'குதிரை ஏன் எஃப்5 கட்டத்துக்குப் போகக்கூடாது?' என்பதற்கு விடை அந்தப் பதிலில்தான் இருக்கும். லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்தின் பகுப்பாய்வில் எக்ஸ் விசையை அழுத்தினால் எதிராளியின் மிரட்டலையும் காட்டும். நம்மில் பலர் தோற்பது அதைக் கவனிக்காமல்தான்.

யார் கை ஓங்கியிருக்கிறது என்று இன்ஜின் காட்டும் மதிப்பெண்ணில் 0.3 வித்தியாசத்துக்கெல்லாம் கவலை வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் 15.1 பதிப்பிலிருந்து +1.00 என்றாலே வெற்றி வாய்ப்பு 50 சதவீதம்தான், அதுவும் இன்ஜினும் இன்ஜினும் மோதும்போது.

சரி, குழம்பிய அந்த நிலையிலிருந்தே இன்ஜினோடு இரண்டு மூன்று முறை ஆடிப் பாருங்கள். எனக்குப் பிடி கிடைத்தது அப்படித்தான்.