கம்போரோ (கோழிக்குஞ்சுகளைத் தாக்கும் வைரஸ் நோய்) தடுப்பு மருந்து கொடுத்தும் குஞ்சுகள் செத்துவிட்டன. எலிசா ரத்தப் பரிசோதனை சின்னப் பண்ணைக்கும் தேவையா?

தேவை. சின்னப் பண்ணைக்குத்தான் கூடுதலாகத் தேவை. பெரிய பண்ணையில் ஒரு ஷெட் போனால் இன்னொரு ஷெட் தாங்கும். நமக்கு அந்த ஒரு பேட்ச்தான் ஒன்றரை வருட வருமானம்.

நீங்கள் எழுதாததையும் ஊகித்துக்கொள்கிறேன். முட்டைக்கோழிக் குஞ்சு இறக்கியிருப்பீர்கள். கடையில் கொடுத்த அட்டவணைப்படி 14-ம் நாள் மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்திருப்பீர்கள். நாலாவது வாரம் போல குஞ்சுகள் சிலிர்த்து ஒடுங்கி, வெள்ளையாய்க் கழிந்து, சில நாள் மளமளவென்று விழுந்திருக்கும். பிறகு சாவு தானாக நின்றிருக்கும். உடனே எல்லோரும் "மருந்து சரியில்லை, கம்பெனியை மாத்துங்க" என்றிருப்பார்கள். குளோரின் தண்ணீரில் கலந்தாலோ, ஐஸ் இல்லாமல் கொண்டுவந்தாலோ மருந்து கெடும், உண்மைதான். ஆனால் அதையெல்லாம் சரியாகச் செய்த பண்ணையிலும் கம்போரோ வருகிறது. கொடுத்த நாள் தப்பாக இருந்தால் வரும்.

தாய்க்கோழியிடமிருந்து முட்டையின் மஞ்சள்கரு வழியாகக் குஞ்சுக்கு எதிர்ப்புப் புரதம் வருகிறது. அது அதிகமாக இருக்கும்போது கொடுத்தால் மருந்தையே அழித்துவிடும். குறைந்தபின் தாமதித்தால் ஷெட்டில் இருக்கும் வைரஸ் முந்திக்கொள்ளும். நடுவில் கிடைக்கும் சில நாள்தான் நமக்கான நாள். அது பேட்சுக்குப் பேட்ச் மாறும். அட்டவணைக்கு அது எப்படித் தெரியும்? குஞ்சின் ரத்தத்தில் அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வதுதான் எலிசா.

நான் நாமக்கல் மாவட்டம் மோகனூர் பக்கம் முட்டைக்கோழி வளர்க்கிறேன். ஒரு வருடம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அடுத்தடுத்து கம்போரோ வந்தது. அப்போது எங்களுக்குக் குஞ்சு இறங்க வேண்டிய நேரம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்து கொடுப்பேன் என்று சொன்னேன். மருந்து கொண்டுவருபவர், "அதெல்லாம் பெரிய பண்ணைக்காரங்களுக்குங்க அம்மிணி, அண்ணன் இருந்தாக் கூப்பிடுங்க, பேசிக்கிறேன்" என்றார். பண்ணையை நடத்துவது நான். குஞ்சுக்குத் தீவனம் போடுவதிலிருந்து கணக்கு எழுதுவது வரை என் கையில் இருக்கிறது. மாமா மட்டும், "நீ எடு கண்ணு, பாத்துக்கலாம்" என்றார். 1990-களின் தொடக்கத்தில் வீரியமான கம்போரோ இந்தியாவுக்குள் வந்தபோது கூடை கூடையாகக் குஞ்சுகளைக் குழியில் கொட்டியவர் அவர்.

குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் விசாரித்தேன். எங்களுக்கு வரும் குஞ்சுகள் இரண்டு வேறு வயதுத் தாய்க்கோழி மந்தைகளிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். நாலாம் நாள் டாக்டரை வரவைத்து, ஷெட்டின் எல்லா மூலையிலிருந்தும் பிடித்து, 20 குஞ்சுகளில் ரத்தம் எடுத்தோம். ரத்தத்தை அப்படியே ஐஸில் போடக்கூடாது. குழாயைச் சாய்த்து வைத்து, உறைந்து சீரம் பிரிந்தபின் அதை மட்டும் குளிர்பெட்டியில் அனுப்ப வேண்டும்.

முடிவில் சராசரி டைட்டர், அதாவது எதிர்ப்புப் புரத அளவு, 4000 பக்கம். ஆனால் சில குஞ்சு 1000, சில குஞ்சு 7000-க்கும் மேல். டாக்டர் என் கண்முன்னே கணக்குப் போட்டார். நெதர்லாந்தின் டெவென்டர் என்ற ஊரின் பெயரில் வழங்கும் கணக்கு அது. தாய்வழி டைட்டர் பிராய்லர் குஞ்சில் ஏறக்குறைய 3 நாளுக்கு ஒருமுறை பாதியாகும். முட்டைக்கோழிக் குஞ்சில் 5.5 நாள் ஆகும். வீரியம் கூடிய இன்டர்மீடியட் பிளஸ் ரக மருந்து, டைட்டர் 500 வரை இருந்தாலும் அதை மீறிப் பிடிக்கும். 4000 என்பது 500 ஆக மூன்று முறை பாதியாக வேண்டும், அதற்கு 16.5 நாள். ரத்தம் எடுத்த 4 நாளையும் கூட்டினால் 20, 21-ம் நாள் வருகிறது. வீரியம் குறைந்த சாதாரண இன்டர்மீடியட் ரகமென்றால் 125 வரை இறங்க வேண்டும், ஒரு மாதம் ஓடிவிடும். 14-ம் நாள் கொடுத்திருந்தால் எங்கள் குஞ்சுகளில் பாதிக்கு மேல் பச்சைத்தண்ணீர் குடித்த மாதிரிதான்.

டைட்டர் இவ்வளவு சிதறியிருந்ததால் ஒரே நாளில் எல்லாக் குஞ்சுக்கும் பிடிக்காது. அதனால் 17-ம் நாள் ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று என்று பிரித்துக் கொடுத்தோம். சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தபோது டைட்டர் எல்லாக் குஞ்சிலும் சீராக ஏறியிருந்தது. கம்போரோ இல்லாமல் அந்த பேட்ச் கூண்டேறியது.

"உங்க ஷெட்டுக்கு வைரஸே வந்திருக்காது" என்று யாராவது எழுதுவீர்கள். இருக்கலாம். ஒரு பேட்சை வைத்து நான் சட்டம் போடவில்லை. எலிசா எல்லாம் சொல்லிவிடும் என்றும் சொல்லவில்லை. மருந்தால் வந்த டைட்டரா, நோயால் வந்ததா என்று அது பிரித்துக் காட்டாது. அதற்குப் பர்சாவை (குஞ்சின் வால்பக்கம் உள்ள எதிர்ப்புச் சக்தி உறுப்பு) எடுத்து பிசிஆர் (வைரஸின் மரபணுவைப் பார்க்கும் பரிசோதனை) பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி கிட்டில் வந்த எண்ணை இன்னொரு கிட்டின் எண்ணோடு ஒப்பிடவும் கூடாது. ஆனால் "குஞ்சு சாகலையே, எதுக்கு டெஸ்ட்" என்பவர்களிடம் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மூன்று வாரத்துக்குள் வைரஸ் தொட்டால் குஞ்சு சாகாமலே பர்சா சுருங்கிப்போகும். எதிர்ப்பு அணுக்கள் பிறக்கிற இடமே அதுதான். பிறகு வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு நீங்கள் கொடுக்கும் லசோட்டா தடுப்பு மருந்தும் சரியாகப் பிடிக்காது. அந்த நோய் வரும்போது கம்போரோவை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

செலவு என்பார்கள். பரிசோதனைச் செலவைக் கணக்குப் பார்க்கிற நாம், முட்டை வண்டி வரும்போது வாய் திறப்பதில்லை. முட்டைக்கு அறிவிக்கும் விலை ஒன்று, வண்டியில் ஏற்றும்போது 'மைனஸ்' என்று கழித்துக் கையில் வருவது வேறொன்று. அந்த மைனஸை யார் முடிவு செய்கிறார்கள், எதற்காக? தீவன விலையில் யாராவது நமக்கு மைனஸ் போட்டதுண்டா? சோளமும் சோயாவும் ஏறும்போது ஏறிய விலைக்குத்தான் வாங்குகிறோம். வெயில் காலத்தில் முட்டை தேங்கினால் அந்த நட்டமும் நம் தலையில்தான். இதைக் கேட்டால் அடுத்த நாள் வண்டி வராது என்ற பயத்திலேயே எங்கள் ஊரில் எல்லோரும் கழித்த விலைக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் பரிசோதனைக்குக் காசில்லை என்று யார் சொன்னாலும் எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது.

அடுத்த பேட்சுக்குக் குஞ்சு இறங்கும் தேதி தெரிந்ததுமே லேபுக்குப் போன் போட்டு, எலிசா எந்தக் கிழமை ஓட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் 96 குழி இருக்கும், பல இடங்களில் மாதிரி சேர்ந்த பிறகே ஓட்டுவார்கள். முடிவு 10-ம் நாளுக்குள் கையில் வந்தால்தான் மருந்து நாளைக் குறிக்க நேரம் இருக்கும்.