எழுப்புறது சரி, திரும்ப எப்போ படுக்க வைப்பீங்க?

வணக்கம் அக்கா,

நாங்க அஞ்சு பேர் சேர்ந்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து பகடை உருட்டி கதையா ஆடுறது) ஆடுறோம், அஞ்சாவது எடிஷன், 2014 ரூல்ஸ். இதுவரைக்கும் ஃபைட்டரும் ரோகும் தான் ஆடியிருக்கேன், இந்த தடவ முதல் முறையா விசார்ட் (மந்திரவாதி) எடுத்து நெக்ரோமான்சர், அதாவது செத்தவங்கள எழுப்புறவன், ஆக்கியிருக்கேன். ஆனா கெட்டவன் இல்ல. பார்ட்டில (எங்க கூட்டத்துல) ஒரு பேலடின், தர்மத்துக்கு சத்தியம் பண்ண வீரன், வேற இருக்கான், எப்பவும் என்னைய சந்தேகமாவே பாக்குறான் (கேரக்டர் தான், ஆளு தங்கம்). இப்போ லெவல் 4 முடியப்போகுது, அடுத்து பிணத்த எழுப்புற அனிமேட் டெட் ஸ்பெல் (மந்திரம்) கிடைக்கும். டிஎம் (கதைய நடத்துறவரு) கேட்டாரு, உன் ஆளுக்கு நீண்டகால லட்சியம் என்ன, இருபதாவது லெவல்ல அவன் எங்க நிக்கணும்னு. எனக்கு ஒண்ணும் தோணல. தேடிப் பாத்தா ஒண்ணு லிச் (சாகாம இருக்க தன்னையே நடமாடுற பிணமாக்கிக்கிட்ட மந்திரவாதி) ஆகணும்ங்கறாங்க, இல்லன்னா செத்துப்போன பொண்டாட்டிய திரும்ப கொண்டுவரணும்ங்கறாங்க. ரெண்டுமே புளிச்சுப்போச்சு. எலும்புக்கூடுங்கள வச்சு விவசாயம் பண்ணி ஏழைங்க பசிய போக்கலாம்னு சொன்னேன், டிஎம் சிரிச்சிட்டாரு. நீங்க ரொம்ப நாள் ஒரு நெக்ரோமான்சர் ஆடுனதா முன்னாடி எழுதியிருந்தீங்க, கொஞ்சம் வழி சொல்லுங்க.

இப்படிக்கு,
எலும்புக்கூடு இன்னும் வராத ஒரு விசார்ட்

---

தம்பி,

முதல்ல ஒண்ணு, உங்க டிஎம் சிரிச்சது நியாயமில்ல. யோசனை நல்ல யோசனை தான், இடிக்கிறது கணக்கு. அனிமேட் டெட் ஒரு தடவ போட்டா ஒரு எலும்புக்கூடு எந்திரிக்கும், 24 மணி நேரம் சொன்ன பேச்சு கேக்கும், அது முடியறதுக்குள்ள திரும்ப அதே ஸ்பெல்ல போட்டு புடிச்சு வச்சுக்கணும், ஒரு தடவைக்கு நாலு பேர் வரைக்கும். லெவல் 5ல உங்களுக்கு மூணாம் லெவல் ஸ்லாட் (ஒரு நாளைக்கு அந்த லெவல் ஸ்பெல் போடுற வாய்ப்பு) ரெண்டு, கொஞ்சம் ஓய்வெடுத்து செலவான ஸ்லாட்ட மீட்குற ஆர்கேன் ரிகவரில இன்னொண்ணு தேத்தலாம், ஆக எல்லாத்தையும் இதுக்கே கொட்டுனாலும் பன்னெண்டு பேர். சரி, பன்னெண்டு பேர் வயல்ல அறுத்துக்கிட்டிருக்காங்க, நீங்க பார்ட்டியோட ஒரு டன்ஜன்ல போய் ரெண்டு நாள் மாட்டிக்கிறீங்க. கட்டு விட்டுப்போச்சுன்னா அதுங்க பொத்துனு விழுந்துடாது. மான்ஸ்டர் மேனுவல்ல (ஜந்துங்கள பத்தின ரூல் புக்) ஸ்கெலிட்டன் லாஃபுல் ஈவில், ஸாம்பி நியூட்ரல் ஈவில், ரெண்டுமே கெட்ட குணம். கையில அரிவா, சுத்தி ஊர் சனம். முடிஞ்சுது உங்க பசி ஒழிப்பு.

ஆனா இந்த ஓட்டை இருக்கே, இங்கதான் உங்க லட்சியம் உக்காந்திருக்குன்னு நான் சொல்லுவேன். எழுப்ப ஒரு நிமிஷம் போதும், திரும்ப படுக்க வைக்கிறத பத்தி அந்த ஸ்பெல்லுல ஒரு வரி கிடையாது. நெக்ரோமான்சர நல்லவனா ஆடுறவங்க பாதிப்பேரு இத யோசிக்கறதே இல்ல, இருபது லெவலும் பேலடின்கிட்ட வக்கீல் மாதிரி வாதாடியே ஓட்டுவாங்க, நான் கெட்டவன் இல்ல, வெறும் எலும்பு தானே, கத்தியும் கொல்லும்ல, அப்படி இப்படின்னு. மூணாவது செஷன்லயே எல்லாருக்கும் கொட்டாவி வந்துரும். கெட்டவன் இல்லங்கறது ஒரு மறுப்பு, அத வச்சுக்கிட்டு ஒருத்தன் காலைல எந்திரிச்சு எந்தப் பக்கம் நடப்பான் சொல்லுங்க.

நெக்ரோமான்சிங்கற வார்த்தைக்கு போவோம். கிரேக்கத்துல நெக்ரோஸ்னா பிணம், மான்டெயான்னா குறி கேக்குறது. ஆதியில இந்த ஆளு படை திரட்டுறவனே கிடையாது, செத்தவங்ககிட்ட போய் கேக்குறவன். ஹோமரோட ஒடிஸி காவியத்துல 11ஆவது காண்டத்துல ஒடிசியஸ் குழி வெட்டி ஆட்டு ரத்தத்த ஊத்தி, செத்துப்போன குறிசொல்லி டைரீசியஸ்கிட்ட வீட்டுக்குப் போற வழிய கேக்கத்தான் காத்திருக்கான், ஆனா அவருக்கு முன்னாடி வந்து நிக்கிறது எல்பெனார். கூடவே கப்பல்ல வந்த பையன், குடிச்சிட்டு கூரை மேல தூங்கி, எந்திரிக்கும்போது ஏணிய மறந்து கீழ விழுந்து கழுத்து முறிஞ்சு செத்தவன், அவசரத்துல யாரும் அவன புதைக்காமயே கிளம்பிட்டாங்க. அவன் கேக்குறது எவ்வளவு சின்னது பாருங்க, என் உடம்ப எரிச்சு ஒரு மேடு கட்டு, நான் போட்ட துடுப்ப அதுமேல நட்டு வை. ஒடிசியஸ் திரும்பிப் போய் அத செய்றான். சீனால ஹுனான் மாகாணத்து மேற்குப் பக்கம் ஒரு நாட்டார் நம்பிக்கை இருக்கு, வெளியூர்ல செத்தவங்கள மந்திரம் தெரிஞ்சவன் ராத்திரில வரிசையா நடக்க வச்சு சொந்த மண்ணுல புதைக்க கூட்டிட்டுப் போவானாம். நடக்க வைக்கிறதே படுக்க வைக்கத்தான். இந்த ரெண்டையும் மனசுல போட்டுக்கிட்டுதான் என் கேரக்டர நான் உண்டாக்குனேன்.

அவ படையில கணக்கெழுதுறவளா இருந்தவ, செத்தவங்க பேர் எழுதுற வேலை. ஒரு தோத்துப்போன சண்டையில முன்னூத்தி சொச்சம் பேர மைதானத்துலயே விட்டுட்டு படை ஓடிருச்சு, அவளும் சேர்ந்துதான் ஓடுனா. அந்த முன்னூறு பேரையும் பேர் தெரிஞ்சு அவங்கவங்க ஊர்ல கொண்டுபோய் சேக்கணும், அவ்வளவுதான் லட்சியம். கேக்க சின்னதா இருக்குல்ல, ரெண்டு வருஷம் ஓடுச்சு தம்பி.

எதனாலன்னா ரூல்ஸே நமக்கு கதை எழுதிக் குடுக்குது. பேர் தெரியணும்னா ஸ்பீக் வித் டெட் (பிணத்துகிட்ட கேள்வி கேக்குற ஸ்பெல்) வேணும், 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல அது விசார்டுக்கு கிடையாது, பாட்டுக்கார பார்டுக்கும் சாமிக்கு ஊழியம் பண்ற கிளெரிக்குக்கும் தான். ஆக என் நெக்ரோமான்சர் எங்க பார்ட்டி கிளெரிக்கோட கால்ல விழுந்துதான் ஆகணும், அந்தாளு எலும்புக்கூட கண்டாலே முகத்த திருப்பிக்குவாரு. இன்னொரு சிக்கல், அந்த ஸ்பெல் அன்டெட் (மந்திரத்தால எழுந்து நடமாடுற பிணம்) மேல வேலை செய்யாது. அதாவது மொதல்ல எழுப்பிட்டீங்கன்னா அப்புறம் அவன்கிட்ட ஒண்ணும் கேக்க முடியாது. கேட்டுட்டுத்தான் எழுப்பணும், இத ரூல் புக் ஒழுக்கமா சொல்லல, ஆனா விதியிலயே அமைஞ்சு கிடக்கு. அஞ்சே கேள்வி, அதுக்கப்புறம் பத்து நாள் அதே ஆள்கிட்ட கேக்க முடியாது, வாய் இருக்கணும், பதில் சுருக்கமா புதிர் மாதிரி தான் வரும். செத்தப்புறம் நடந்தது எதுவும் பிணத்துக்கு தெரியாது, இனிமே நடக்கப்போறத பத்தியும் யோசிச்சு சொல்லாது. உன்னைய எழுப்பலாமான்னு கேட்டா அதுக்கு பதிலே வராதுன்னு எங்க டிஎம் ஒத்தக்கால்ல நின்னாரு. அதனால நான் சுத்தி வளைச்சு கேப்பேன், உன் பேர் என்ன, எந்த ஊரு, யார் உனக்காக காத்திருந்தா, கடைசியா என்ன நினைச்ச, வீட்டுக்குப் போகணும்னு நினைச்சியா.

ஒருத்தன் இல்லன்னுட்டான். அங்கேருந்து தப்பிச்சுத்தான் படைக்கே வந்தேன்னான். எல்லாரும் ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டோம், டைஸ் யாரும் தொடல, அப்புறம் பேலடின் ஆடுற பொண்ணு தான் சொன்னா, அப்போ இவன நாம கண்ட நல்ல இடத்துல புதைப்போம்னு. அந்த இடத்த தேடவே நாலு செஷன் ஆச்சு. எந்த சண்டையும் எங்களுக்கு இவ்வளவு நெனவுல நிக்கல.

பேலடின் பத்தி சொல்லணும், ஏன்னா உங்க கேஸ்ல அவன்தான் முக்கியம். அவன சமாளிக்க பாக்காதீங்க, லட்சியத்துக்குள்ள இழுத்துப் போடுங்க. நான் என்ன பண்ணேன்னா, முதல் எலும்புக்கூட எழுப்புறதுக்கு முன்னாடியே பேலடின்கிட்ட போய், என் கட்டு விட்டுப்போனா இவன நீயே உன் கையால உடைச்சு மரியாதையா புதைச்சிருன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன். அதுக்கும் முன்னாடி, மூணாவது லெவல்லயே, ஜென்டில் ரிபோஸ்ங்கற ஸ்பெல்ல பிணங்க மேல போட்டுக்கிட்டு திரிஞ்சேன். ஒரு சிட்டிகை உப்பு, ரெண்டு கண்ணு மேல ஒவ்வொரு செப்புக்காசு, பத்து நாளைக்கு உடம்பு அழுகாது, அத விட பெரிசு என்னன்னா எவனும் அந்த உடம்ப அன்டெட்டா எழுப்ப முடியாது. ரிச்சுவலா, அதாவது நிதானமா சடங்கு மாதிரி போட்டா ஸ்லாட்டும் செலவாகாது. நெக்ரோமான்சர் பிணத்துக்கு காவல் நிக்கிறத ரெண்டு மூணு தடவ பாத்துட்டாங்கன்னா பார்ட்டியோட பார்வையே மாறிரும்.

உங்க விவசாயத்துக்கு திரும்ப வர்றேன், அத விட மனசு வரல. பிளேன்ஸ்கேப் டார்மென்ட்னு 1999ல வந்த கம்ப்யூட்டர் கேம், அதுல டஸ்ட்மென்னு ஒரு கூட்டம், உயிரோட இருக்கும்போதே காசு குடுத்து கையெழுத்து வாங்கிக்கிட்டு செத்தப்புறம் உடம்ப ஸாம்பியா வேலைக்கு வச்சுக்குவாங்க. சம்மதத்தோட தான் நடக்குது, ஆனா கையெழுத்து போடுறது யாரு? வேற வழி இல்லாதவன் தானே. உங்க வயல்ல ஏழைங்க பசிய போக்க உழைக்கிறதும் ஏழைங்களோட எலும்பாத்தான் இருக்கும். இத டிஎம்கிட்ட சொல்லிப் பாருங்க, சிரிக்க மாட்டாரு. ஊர் பெரியவனும் பணக்காரனும் தன் எலும்ப எழுதிக்குடுக்கிற வரைக்கும் ஒரு ஏழை எலும்பையும் தொட மாட்டேன்னு உங்க ஆளு கிளம்புனா அது இருபது லெவலுக்கு தாங்கும்.

லிச் வேணாம், நீங்க சொன்னது சரி, இந்த எடிஷன்ல லிச் உயிரோட இருக்க அடுத்தவன் ஆத்மாவ ஃபிலாக்டரிக்கு (தன் உயிர ஒளிச்சு வச்சிருக்கிற பெட்டி) தீனியா போடணும், நல்லவன் கதை அங்கேயே முடிஞ்சுது. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கற டி அண்ட் டி உலகத்துல பெய்ல்நார்ன்னு நல்ல எல்ஃப் லிச்சுங்க உண்டு, வம்சத்து கல்லறைய காவல் காக்கிறதுக்காக சாகாம இருக்கிறவங்க, ரொம்ப ஆசையா இருந்தா டிஎம்கிட்ட அத கேளுங்க.

வைத்தியர் வழியும் இருக்கு, அத நான் ஆடல, ஆடணும்னு ஆசை. செத்தவன உயிரோட எழுப்புற ரெய்ஸ் டெட், ட்ரூ ரெசரக்‌ஷன், சாகக் கிடக்கிறவன காப்பாத்துற ஸ்பேர் த டையிங், இந்த ஸ்பெல் எல்லாமே 2014ல நெக்ரோமான்சி ஸ்கூல் (மந்திர வகை) தான், கிளெரிக் போட்டா புண்ணியம், உங்க ஆளு ஒரு எலும்ப தொட்டா பாவம். இப்பதான் செத்தவன எழுப்புற ரிவிவிஃபைக்கு 300 தங்கக்காசு வைரம், ரெய்ஸ் டெட்டுக்கு 500, ட்ரூ ரெசரக்‌ஷனுக்கு 25,000. ராஜா பையன் செத்தா எந்திரிச்சு சாப்பிட வந்துருவான், குடியானவன் பையன் செத்தா செத்ததுதான். வைரம் இல்லாம ஒருத்தன எழுப்ப வழி தேடுறவன்னு வச்சுக்கிட்டா வைர வியாபாரில இருந்து கோயில் வரைக்கும் எல்லாரும் எதிரி, பேலடினோட கோயிலும் சேத்துத்தான். ஆனா இதுல டிஎம் ரூல்ஸ மாத்த ஒத்துக்கணும், முன்னாடியே பேசிக்கோங்க.

எது எடுத்தாலும் ஒரு நோட்டு போடுங்க, நிஜ நோட்டு. எழுப்புறவன் ஒவ்வொருத்தனுக்கும் பேர், என்ன வாக்கு குடுத்தீங்க, எப்போ எங்க படுக்க வைக்கப்போறீங்க. ஸ்கெலிட்டன் 1, ஸ்கெலிட்டன் 2ன்னு எழுதாதீங்க. பேர் இருந்துச்சுன்னா ஒரு மந்திரவாதி ஃபயர்பால் போடும்போது உங்களுக்கு வயித்துல பக்குனு இருக்கும், டிஎம்முக்கும் எங்க அடிச்சா உங்களுக்கு வலிக்கும்னு தெரிஞ்சுரும்.

எங்க கேம்பெய்ன் (தொடர் ஆட்டம்) 13ஆவது லெவல்ல நின்னுபோச்சு, டிஎம்முக்கு வேலை மாத்தலாகி போயிட்டாரு, அப்புறம் யாராலயும் சேர முடியல. நோட்டு என்கிட்ட தான் இருக்கு. அதுல 41 பேர் இன்னும் அந்த மைதானத்துலயே கெடக்குறாங்க, பதினேழு பேருக்கு ஊர் பேரும் கேட்டு எழுதி வச்சிருக்கேன். உங்க டிஎம் அவரு உலகத்துல ஒரு பழைய போர்க்களத்துக்கு எடம் குடுப்பாருன்னா சொல்லுங்க, பக்கங்கள ஃபோட்டோ எடுத்து அனுப்புறேன்.

அன்புடன்,
அக்கா