உடையில்லாத உருவங்கள்: அக்காவிடம் கேளுங்கள்

சாட்ஸ்வர்த் வாசகி: அக்கா, டர்பன் கலைக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஆசை. நிர்வாணப் படம் எதிர்ப்பட்டால்?

கூட்டிப் போங்கள். நீங்கள் பதறினால்தான் அவர்களும் பதறுவார்கள்.

பீனிக்ஸ் வாசகர்: வெளிநாட்டு மியூசியங்களில் நம் அம்மன் செப்புத்திருமேனிகள் மார்பு திறந்தபடி நிற்கின்றனவே, அவமானமில்லையா?

வார்த்தவர் அப்படித்தான் வார்த்தார். ஆனால் கும்பிட்டவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. சோழர் கால உற்சவ மூர்த்தியின் பீடத்தைக் கவனியுங்கள்: துளைகளோ வளையங்களோ இருக்கும். கழி செருகி வீதியுலா தூக்கிப்போக வைத்தவை. அப்போது பட்டும் மாலையும் நகையும் போர்த்தியிருக்கும், முகம்தான் தெரியும். அலங்காரம் செய்யும்போது திரை போட்டுவிடுவார்கள். மியூசியத்தில் பட்டும் இல்லை, திரையும் இல்லை, நாலு பக்கமும் விளக்கு. அவமானம் என்று சொல்லமாட்டேன். பாதியைத்தான் பார்க்கிறோம் என்று பக்கத்துப் பலகை சொல்லியாக வேண்டும். போட்டோவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பலர்: நிர்வாணம் கலையா, ஆபாசமா?

எந்தச் சிலை, எந்த இடம்? அதைச் சொல்லாமல் கேட்டால் பதில் கிடையாது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் மைக்கலாஞ்சலோவின் நிர்வாண டேவிட் சிலையின் பிளாஸ்டர் நகல் இருக்கிறது. அரச குடும்பப் பெண்கள் வந்தால் மாட்டுவதற்கென்றே ஓர் அத்தி இலை செய்துவைத்தார்கள். சிலை அதேதான், வருகிறவர் யார் என்பதைப் பொறுத்து இலை.

மாரிட்ஸ்பர்க் வாசகர்: கேப்டவுன் மியூசியத்தில் இருந்த, இந்நாட்டுப் பூர்வகுடிகளான சான் மக்களின் உருவக் காட்சியை 2001-ல் மூடியது மிகை. பள்ளி நாளில் பார்த்துத்தானே கற்றோம்?

என்ன கற்றீர்கள் ஐயா? அவை உயிரோடிருந்தவர்களின் உடம்பில் நேரடியாக அச்சு எடுத்த உருவங்கள். 1907 முதல் மியூசியத்தில் வேலைபார்த்த ஜேம்ஸ் ட்ரூரி எடுத்தார். வைத்த இடம் விலங்குகளும் பறவைகளும் இருக்கும் மியூசியம். வெள்ளையர் சாமான்களுக்கோ தனியாகப் பண்பாட்டு வரலாற்று மியூசியம்.

அதே வாசகர்: அறிவியலுக்காகத்தானே?

நம் நாட்டுக் கொய்கொய் இனப்பெண் சாரா பார்ட்மனுக்கும் அதைத்தான் சொன்னார்கள். 1810-ல் லண்டனில் காசுக்குக் காட்டினார்கள். 1815-ல் பாரிஸில் இறந்ததும் பிரெஞ்சு உடற்கூற்று அறிஞர் கூவியே உடலை அறுத்தார், அச்சும் எடுத்தார்கள். அந்த அச்சும் எலும்புக்கூடும் 1970-கள் வரை பாரிஸ் மியூசியத்தில் பார்வைக்கு நின்றன. 2002-ல்தான் ஈஸ்டர்ன் கேப்பின் ஹேங்கியில் அடக்கம் செய்தோம். டேவிடுக்கு இலை தேடியவர்கள் இவளுக்கு ஒரு துணி தேடவில்லை.

அதே வாசகர்: அப்படியானால் 2016-ல் கேப்டவுன் பல்கலைக்கழக நூலகத்தில் வில்லி பெஸ்டர் செய்த பார்ட்மன் சிற்பத்துக்கு மாணவர்கள் துணி சுற்றியது சரியா?

சரிதான் என்பேன். சிற்பிமேல் எனக்குக் குறையில்லை. அவளுடைய கதை சுவரில் முழுதாக இல்லாத இடத்தில் அவள் திரும்பவும் அம்மணமாக நிற்க வேண்டாம்.

டோங்காட் வாசகர்: வீட்டில் பழைய வெண்கலச் சிலை இருக்கிறது, என்ன விலை போகும்?

விலை கேட்க ஏலக்காரரிடம் போங்கள். பீடத்தில் துளை இருந்தால் முதலில் எந்தக் கோயிலுடையது என்று விசாரியுங்கள்.