ஈரத்துக்குக் கழித்த நெல்லும் அன்னதானமும்: நிறையச் சேர்த்தது தவறா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் நெல் வியாபாரம் செய்கிறேன். அப்பா விட்டுப்போனது மூன்று மா நிலம். இன்று அரவை மில், உரக்கடை, கும்பகோணத்தில் இரண்டு கட்டடம். வரி கட்டுகிறேன், கோயிலில் அன்னதானமும் நடக்கிறது. தத்துவம் படிக்கும் மகள், “கடமை அறப்படி இவ்வளவு சேர்த்ததே தப்பு” என்கிறாள். அப்படியா ஐயா?

பதில்: லாப நஷ்டத்தைவிடக் கடமையை முன்னால் வைப்பதுதான் கடமை அறம். அதன் பெரிய ஆள் பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் காண்ட். எவ்வளவு சேர்த்தாய் என்று அவர் கேட்பதில்லை, எந்த விதியை வைத்துச் சேர்த்தாய், அதே விதியை எல்லோரும் வைத்துக்கொள்ள முடியுமா என்றுதான் கேட்பார். அளவு போடுவது சட்டத்தின் வேலை. தமிழ்நாட்டில் 1961-ல் நிலத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) உச்சவரம்பு வந்தது, 1970-ல் அது 15 ஆனது. காண்டிடம் அப்படி எண் எதுவும் கிடையாது. அந்த மட்டில் மகள் சொல்வது சரியில்லை.

ஆனால் 1788-ல் அவர் சொன்ன உதாரணம் ஒன்று உங்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். ‘மாட்டிக்கொள்ளாத எந்த வழியிலும் சொத்தைப் பெருக்குவேன்’ என்பது ஒருவரின் விதி. அவரிடம் பணம் கொடுத்துவைத்தவர் இறந்துவிட்டார், சீட்டு எதுவும் இல்லை. இல்லை என்று சொல்லிவிடலாமா? எல்லோரும் அப்படிச் சொல்லலாம் என்றால் நாளை யாரும் யாரிடமும் எதையும் கொடுத்துவைக்க மாட்டார்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கைமாற்று ஓடுகிற நம் ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம்.

சரி, உங்கள் பேரேட்டுக்கு வருவோம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் உரக்கடையும் நெல் வியாபாரமும் ஒரே கையில் இருந்தால் முன்பணமும் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு விவசாயிக்கு விதையும் உரமும் கடனுக்கு, அறுத்த நெல் உங்களுக்கே. அறுவடை மழையில் மாட்டுகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் கேட்பார்கள். தளர்வு உத்தரவு வருவதற்குள் சாலையோரக் குவியல் முளைவிட்டுவிடும். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வதுதான் விலை.

இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. இல்லாத ஈரத்தைச் சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தால் அது பொய், பேச்சே இல்லை. அடிமாட்டு விலைக்கு வாங்குவதுதான் சிக்கல். அங்கே பொய் இல்லை, விவசாயியும் தலையாட்டிவிட்டார். காண்ட் வழி வந்தவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. மனிதனை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்பது காண்டின் இன்னொரு விதி. அதில் ‘மட்டும்’ என்பதுதான் முக்கியம், லாபம் பார்ப்பதை அது தடுக்கவில்லை. ‘மழை வந்தால் இந்த விலைதான், வேறெங்கும் விற்கக் கூடாது’ என்று ஜூன் மாதமே சொல்லியிருந்தால் அந்த விவசாயி விதையை வாங்கியிருப்பாரா? மாட்டார் என்றால் அக்டோபரில் ஆட்டிய தலையைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அன்னதானத்துக்கு வருகிறேன். பணக்காரர் கொடுக்க முடிவதே பெரும்பாலும் சிலருக்குச் சாதகமான அநீதியால்தான், அதைத் தர்மம் என்று சொல்லலாமா என்று 1797-லேயே காண்ட் சந்தேகப்பட்டார். உதவுவதில் யாருக்கு, எவ்வளவு என்பது உங்கள் விருப்பம். ஏமாற்றியதைத் திருப்புவதில் அந்த விருப்பம் கிடையாது. அன்னதானத்தை நிறுத்தச் சொல்லவில்லை, ஈரக் கழிவுக்கு எதிரே அதை வரவு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

வரும் சம்பாவிலிருந்து கடனைப் பணமாகவே எழுதுங்கள், வட்டியை முன்கூட்டியே சொல்லுங்கள், நெல்லை விவசாயி விரும்பிய இடத்தில் விற்கட்டும். ஈரமானி அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். அப்புறம் பழைய பேரேட்டை எடுத்து, தெரிந்தே அதிகமாகக் கழித்ததைக் குறித்துத் திருப்பிக் கொடுங்கள். கும்பகோணத்துக் கட்டடங்கள் அதற்குப் பிறகும் மிஞ்சினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கொடுக்க வேண்டியவர்களில் சிலர் இறந்திருப்பார்கள், சீட்டும் இருக்காது. வாரிசைத் தேடிப் போய்த்தான் கொடுக்க வேண்டும்.