தேனிலவுக்கு ஐஸ்லாந்தா, ஸ்பெயினா? பறவை பார்க்கும் தம்பதிக்கு ஒரு செலவுக் கணக்கு

கேள்வி: எனக்கு வரும் தை மாதக் கடைசியில் திருமணம். நானும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவரும் கோவையில் வேலை பார்க்கிறோம். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் இருவருக்கும் சேர்த்து மாதம் 1,40,000 ரூபாய். அதில் 45,000 ரூபாய் வரை மிச்சம் பிடிக்க முடிகிறது. திருமணத்துக்கு ஒதுக்கியது போக 5 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. உக்கடம், சூலூர் குளங்களில் பறவை பார்க்கப் போன இடத்தில் பழகியவர்கள் நாங்கள். ஆகவே தேனிலவும் பறவைகள் நிறைந்த ஐரோப்பிய நாடு ஒன்றில் அமைய வேண்டும் என்பது ஆசை. ஒரு பயண நிறுவனம் பிப்ரவரியில் ஐஸ்லாந்துக்கு எட்டு நாள் சுற்றுலாவை இருவருக்கும் சேர்த்து 9 லட்சம் ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறது. அவர்கள் கொடுத்த விளம்பரத் தாளில் பஃபின் பறவைகளின் படமும் இருக்கிறது. குறையும் 4 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? வேறு நாடு எதுவும் பொருத்தமாக இருக்குமா? (கோவை வாசகி)

பதில்: கடனைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பஃபின் படத்தைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. பஃபின், இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமே கரையேறும் கடற்பறவை. ஐஸ்லாந்தின் கடலோரப் பாறைகளுக்கு அது ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து வந்து சேர்ந்து, ஆகஸ்ட் மாதத்தில் கிளம்பிவிடும். பிப்ரவரியில் வட அட்லாண்டிக்கின் நடுக்கடலில் எங்கோ மிதந்துகொண்டிருக்கும். அந்த மாதத் தொடக்கத்தில் ஐஸ்லாந்தில் பகல் வெளிச்சம் எட்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. வானத்தில் வடதுருவ ஒளியைக் காண்பதற்கு அது ஏற்ற காலம்தான். பறவை பார்ப்பதற்கு அல்ல. படத்தைத் தாளில் போட்டவர் பொய் சொல்லவில்லை, மாதத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இப்போது கடன். 4 லட்சம் ரூபாயை 13 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 13,480 ரூபாய் வரும். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 4,85,000 ரூபாய்க்குச் சற்று மேல். வட்டியாகப் போகும் 85,000 ரூபாயைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கையிலுள்ள 5 லட்சமும் அதே பயணத்தில் தீர்ந்துவிடும். புது வீட்டுக்கு முன்பணம், பாத்திரம் பண்டம், எதிர்பாராத மருத்துவச் செலவு என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும் முதல் ஆண்டில், வங்கிக் கணக்கு வெறுமையாகவும் தவணை நிலுவையாகவும் இருக்கும். மொய்ப் பணம் வருமே என்று நினைக்க வேண்டாம். மொய் என்பது உங்கள் இரு குடும்பங்களும் பின்னாளில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதை வருமானக் கணக்கில் எழுதுவது கடனைக் கொண்டு கடன் அடைப்பதற்குச் சமம். ஆகவே கடன் வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் ஐரோப்பா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பறவைக்காகப் போகிறவர்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாள் குறிப்பதைவிட, நாளைக் குறித்துவிட்டு நாட்டைத் தேடுவதே சரி. செலவைக் குறைப்பதும் அதுதான். திருமணம் முடிந்த கையோடு பிப்ரவரியில் கிளம்பினால் ஐரோப்பாவின் பெரும்பகுதி குளிரில் இருக்கும், ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகள் பெரும்பாலும் திரும்பியிரா. சித்திரை பிறந்த பிறகு, அதாவது ஏப்ரல் மூன்றாம், நான்காம் வாரங்களில் கிளம்பினால், வலசைப் பறவைகள் வந்திறங்கியிருக்கும், கோடைச் சுற்றுலாவின் விலையேற்றம் தொடங்கியிராது. உங்களுக்குச் சேமிக்க ஆறு மாதங்களும் கிடைக்கும். தள்ளிப்போடுவதை வீட்டுப் பெரியவர்கள் ஏற்கமாட்டார்கள் என்றால், திருமணத்தை அடுத்துக் கேரளத்தின் தட்டேக்காட்டில் இரண்டு மூன்று நாள் தங்கி வாருங்கள். உங்களுக்குக் காட்டுப் பறவைகளும் கிடைக்கும், அவர்களுக்கு நிறைவும் கிடைக்கும், செலவு சில ஆயிரங்களோடு முடியும்.

அந்த ஏப்ரல் கடைசிக்கு என் தேர்வு ஸ்பெயின். அதிலும் பார்சிலோனாவோ கடற்கரைகளோ அல்ல, நாட்டின் மேற்கே போர்ச்சுகல் எல்லையை ஒட்டியுள்ள எஸ்ட்ரமதூரா மாநிலம். சுற்றுலாக் கூட்டம் அதிகம் எட்டிப்பார்க்காத பகுதி என்பதால் தங்கும் செலவும் உணவுச் செலவும் அங்கே மட்டுப்படும். மத்ரித் நகரிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டரில், சுங்கக் கட்டணம் இல்லாத ஏ-5 நெடுஞ்சாலையில் ட்ருஹியோ என்ற சிற்றூர் இருக்கிறது. அதன் தேவாலயக் கோபுரங்களிலும் பழைய மாளிகைகளின் உச்சியிலும் செங்கால் நாரைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. நம்மில் பலர் பாட்டில் மட்டுமே கேட்டிருக்கும் அந்தப் பறவையை அங்கே காப்பி குடித்துக்கொண்டே தலைக்கு மேல் பார்க்கலாம். அவ்வூரின் காளைச்சண்டை அரங்கின் ஓட்டுக் கூரையில் லெஸ்ஸர் கெஸ்ட்ரெல் என்னும் சிறிய வேட்டைப் பறவைகள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. ஊரைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் நம் கானமயிலுக்கு உறவான கிரேட் பஸ்டர்டைத் தேடலாம். அருகிலுள்ள மின்கம்பங்களில் பொருத்தப்பட்ட கூட்டுப் பெட்டிகளில் ஐரோப்பியப் பனங்காடைகள் வந்து தங்குகின்றன.

ட்ருஹியோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத் தொலைவில் மோன்ஃப்ராகுவே தேசியப் பூங்கா. 2007-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த இடத்தில், கருநிறப் பாறுக் கழுகுகளின் மிகப் பெரிய இனப்பெருக்கக் கூட்டங்களில் ஒன்று இருக்கிறது. தஹோ ஆற்றின் மேல் எழும் பெரும்பாறை ஒன்றின் விளிம்புகளில் கிரிஃபான் பாறுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். எதிரே சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். சற்றே மேலேயுள்ள பழைய கோட்டையில் ஏறினால் அவை கண்மட்டத்தில் பறந்து போகும். நம் ஊரில் பாறுக் கழுகைத் தேடி முதுமலைப் பக்கம் அலைந்து ஏமாந்தவர்களுக்கு இது எப்படிப்பட்ட காட்சி என்று நான் சொல்லத் தேவையில்லை. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது என்பது நிதி ஆலோசகனாக என் கண்ணில் முதலில் பட்ட செய்தி. ஈஸ்டர் வாரத்தையும் மே 1, 2 ஆகிய விடுமுறை நாட்களையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். மத்ரித்காரர்கள் அப்போது அங்கே திரளுவதால் அறை வாடகை ஏறும், கோட்டையில் நிற்க இடம் இராது.

செலவைப் பார்ப்போம். பின்வருபவை என் மதிப்பீடுகள். ஒரு யூரோவை 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கொச்சியிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றில் விமானம் மாறி மத்ரித் சென்று திரும்ப இருவருக்கும் 1,50,000 ரூபாய். பத்து இரவுகளுக்கு, இரவுக்கு 80 யூரோ வீதம் தங்குமிடம் 84,000 ரூபாய். எட்டு நாள் வாடகைக் கார், எரிபொருள், முழுக் காப்பீடு ஆகியவற்றுக்கு 450 யூரோ, அதாவது 47,000 ரூபாய்க்குச் சற்று மேல். உணவுக்கு 550 யூரோ. சமையலறையுடன் கூடிய அறை எடுத்தால் இதில் கணிசமாக மிச்சமாகும், சைவ உணவுக்காரர்களுக்கு அந்த வட்டாரத்தில் அது வசதியும்கூட. பறவை வழிகாட்டியை ஒரே ஒரு நாளைக்கு 200 யூரோ அளவில் அமர்த்திக்கொள்ளுங்கள். அவர் தொலைநோக்கியையும் முக்காலியையும் கொண்டு வருவார் என்பதால், பயணத்துக்கென்று புதிதாக ஒன்று வாங்கும் ஆசை தணியும். (உங்கள் இருவரிடமும் இப்போதுள்ள பைனாகுலரே போதும். பயணச் செலவைவிட அதிகமாகப் பைனாகுலருக்குக் கொடுத்த வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.) நகரப் பயணம், சிம் அட்டை, நுழைவுச் சீட்டுகளுக்கு 150 யூரோ, விசாவும் காப்பீடும் ஏறத்தாழ 25,000 ரூபாய். எல்லாம் சேர்ந்து 4 லட்சம் ரூபாய்; தற்செயல் செலவுக்குப் பத்து சதவீதம் கூட்டினால் 4,40,000.

ஆறு மாதங்களில் நீங்கள் 2,70,000 ரூபாய் சேமிப்பீர்கள். இருக்கும் 5 லட்சத்தோடு சேர்த்தால் 7,70,000. பயணம் போக 3,30,000 மிஞ்சும். உங்கள் இன்றைய மாதச் செலவு 95,000 ரூபாய் என்று கொண்டால் மூன்று மாதங்களுக்குச் சற்று அதிகமான கையிருப்பு அது. தவணை ஏதும் இல்லை. ஐஸ்லாந்துத் திட்டத்தில் இதே சேமிப்பு முழுவதையும் போட்டாலும் கடன்தான் மிஞ்சும்.

இந்தக் கணக்கின் பலவீனம் கார்தான். எஸ்ட்ரமதூராவில் பேருந்தை நம்பிப் பறவை பார்க்க முடியாது. உங்கள் ஓட்டுநர் உரிமத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி, ஓராண்டு செல்லுபடியாகும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ஓட்டுபவரின் பெயரிலுள்ள கடன் அட்டையில்தான் வைப்புத் தொகையைப் பிடித்து வைக்கும். அட்டையின் வரம்பு போதுமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சாலையின் வலப்புறம் ஓட்டுவதற்கு இருவரில் ஒருவருக்கேனும் துணிவு இல்லையென்றால் ஸ்பெயினை விட்டுவிட்டு ஆஸ்திரியாவுக்குப் போங்கள். வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் நியூசீட்லர் ஏரிக்கரையை அடையலாம். ஏரிக்குக் கிழக்கே உள்ள சிறு உப்பு நீர்க்குட்டைகளைச் சுற்றி வாடகைச் சைக்கிளிலேயே பறவை பார்க்கலாம். அறை வாடகை ஸ்பெயினைவிடக் கூடும், ஆனால் காருக்கான செலவு முழுவதும் நீங்குவதால் மொத்தத்தில் பெரிய வேறுபாடு வராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தின் லெஸ்போஸ் தீவில் கல்லோனி உப்பளங்கள் ஏப்ரல் கடைசியில் வலசைப் பறவைகளால் நிறையும், பூநாரைகளும் உண்டு. தேனிலவுக்குக் கடலும் வேண்டும் என்பவர்களுக்கு அது நல்ல இரண்டாம் தேர்வு. ருமேனியாவின் தன்யூப் கழிமுகத்தில் கூழைக்கடாக்களைப் படகில் போய்ப் பார்ப்பது அருமையாக இருக்கும், விலையும் குறைவு, ஆனால் மே மாதத்துக்குப் பிறகே அது களைகட்டும், கொசுவும் உடன் வரும். ஸ்காட்லாந்தின் கடற்பறவைத் தீவுகள் மனத்தை இழுக்கும். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லாததால் வேறு நாட்டோடு சேர்த்துப் போனால் இரண்டு விசாக்களுக்குக் கட்டணம் கட்ட நேரும். விடுப்பு செப்டம்பரில்தான் கிடைக்கும் என்றால் ஸ்பெயினின் தென்கோடியிலுள்ள தரீஃபாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவை 14 கிலோமீட்டரில் பிரிக்கும் அந்த நீரிணையைக் கடக்க வேட்டைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றன.

பணத்தைக் கையாளும் முறைக்கு வருகிறேன். மாதம் 45,000 ரூபாயை ஆறு மாதத் தொடர் வைப்பு (ஆர்.டி.) கணக்கில் போடுங்கள், இவ்வளவு குறுகிய காலத்துக்குப் பங்குச் சந்தை நிதிகள் ஏற்றவையல்ல. உங்கள் செலவில் ஏறத்தாழ 2,330 யூரோ இருக்கிறது. ரூபாய் ஐந்து சதவீதம் சரிந்தால் 12,000 ரூபாய் கூடுதலாகும். அச்சப்பட வேண்டிய தொகை அல்ல, ஆயினும் அந்நியச் செலாவணி அட்டையில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று தவணையாக யூரோவை ஏற்றினால் ஒரே நாளின் விலையில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். கடன் அட்டையைக் கார் வைப்புத் தொகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கட்டணமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் பிடிக்கின்றன. அங்கே கடைக்காரர் இயந்திரத்தை நீட்டி ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் வங்கி வைக்கும், அது உங்களுக்குச் சாதகமாக இராது.

பயண நிறுவனத்தின் தொகுப்புச் சுற்றுலாவை வாங்கினால் மூலத்தில் வசூலிக்கப்படும் வரி, அதாவது டி.சி.எஸ்., முதல் ரூபாயிலிருந்தே சேரும். அது இழப்பு அல்ல, வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் தெரிவித்து மாதப் பிடித்தத்திலேயே குறைத்துக்கொள்ளவும் 2024 அக்டோபர் முதல் வழி உண்டு. ஆனாலும் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். விமானம், அறை, கார் ஆகியவற்றைத் தனித்தனியாக நீங்களே பதிவு செய்து, யூரோவை அட்டையில் ஏற்றினால், ஒருவர் வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு நிதியாண்டுக்கு 10 லட்சம் ரூபாய் என்ற டி.சி.எஸ். வரம்புக்குள் இருக்கும்வரை இந்தச் சிக்கல் எழாது.

விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளுக்கு முன் விண்ணப்பித்தாக வேண்டும். ஒருவருக்கு 90 யூரோ கட்டணம், மறுக்கப்பட்டால் திரும்ப வராது. பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தில் மாதாமாதம் வளரும் சேமிப்பு தெரிவது நல்லது. விண்ணப்பிக்கும் வாரத்தில் திடீரென்று வந்து விழும் பெருந்தொகை, அது கடனாக இருந்தாலும் மொய்யாக இருந்தாலும், கேள்விகளை வரவழைக்கும். விசா கையில் வரும்வரை கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளையே பதிவு செய்யுங்கள். இன்னொன்று: திருமணத்துக்குப் பிறகு கடவுச்சீட்டில் கணவர் பெயரைச் சேர்க்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், ஸ்பெயினிலிருந்து திரும்பிய பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். விசாவிலும் விமானச் சீட்டிலும் ஒரு பெயரும், புதுக் கடவுச்சீட்டில் இன்னொரு பெயருமாகப் போனால், சீட்டை மாற்றுவதற்கு ஆகும் பணத்தில் அந்தப் பறவை வழிகாட்டியை இன்னொரு நாள் அமர்த்திவிடலாம்.